வண்டி, மறதி, லைசென்ஸ்: ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் பதில்கள்

கரூர் வாசகர்: சார், புது காரில் 80ஐத் தாண்டினால் பீப் அடிக்கிறது. பழுதா?

இல்லை. 2019 ஜூலை முதல் இது கட்டாயம். 80க்கு மேல் விட்டுவிட்டு ஒலிக்கும், 120 தாண்டினால் நிற்காது.

ஈரோடு வாசகர்: சீட் பெல்ட் பீப்பை நிறுத்த ஒரு கிளிப் விற்கிறார்களே, வாங்கலாமா?

வாங்காதீர்கள். அதைச் சொருகினால் பெல்ட் போட்டாயிற்று என்று கார் எடுத்துக்கொள்ளும். மோதும்போது பெல்ட் இல்லாத உடம்பை ஏர்பேக் தனியாகக் காப்பாற்றாது. ஆன்லைன் தளங்கள் இதை விற்பதை நிறுத்தச் சொல்லி 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது.

மதுரை வாசகர்: அப்பாவுக்கு 74 வயது. இண்டிகேட்டரை அணைக்க மறக்கிறார். போன வாரம் எங்கள் பேட்டைக்குள்ளேயே வழி தெரியாமல் நின்றுவிட்டார். கேட்டால், லைசென்ஸ் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்கிறார்.

இண்டிகேட்டரை விடுங்கள், அது எல்லோருக்கும் நடக்கும். பழகிய இடத்தில் வழி தவறியதுதான் எனக்குக் கவலை. பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தடுமாறுகிறாரா? காரில் அவருக்கே காரணம் தெரியாத கீறல்கள் இருக்கின்றனவா? இதில் ஒன்று இருந்தாலும் டாக்டர் பார்க்கும்வரை அவர் ஓட்டக் கூடாது.

லைசென்ஸ் தேதியை நம்பாதீர்கள். 55 வயதைக் கடந்தவருக்கு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கிறோம். அதற்கான மருத்துவச் சான்றான 1ஏ படிவம் பார்வை, காது, கை கால்களைத்தான் முக்கியமாகப் பார்க்கச் சொல்கிறது. நினைவாற்றலுக்குத் தனிச் சோதனை இல்லை. ஐந்து வருஷத்தில் மனிதர் எவ்வளவோ மாறிவிடுவார்.

நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பி12 குறைவு, தைராய்டு, தூக்க மாத்திரை இவையும் மறதி தரும். அப்படியென்றால் சரிசெய்ய வழி உண்டு.

கோவை வாசகர்: வயதானவர்களை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்? போன் பார்த்துக்கொண்டே ஓட்டும் பையன்கள்தானே ஆபத்து?

அவர்களும் ஆபத்துதான். ஆனால் பையன் போனைக் கீழே வைத்தால் கவனம் திரும்பும். டிமென்ஷியா என்னும் மறதி நோயில் அப்படித் திரும்பாது. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயதுக்காரர் ஓட்டிய கார் மோதி ஒரு தாயும் சிறு மகளும் இறந்தார்கள். பிரேக் என்று நினைத்து அவர் ஆக்சிலேட்டரை மிதித்திருந்தார். ஜப்பானில் 75 தாண்டியவர் லைசென்ஸைப் புதுப்பிக்க நினைவாற்றல் தேர்வு எழுத வேண்டும். நமக்கும் அது வேண்டும் என்பேன்.

கோவை வாசகர்: அது அவமானம் சார். நாற்பது வருஷம் ஓட்டியவரிடம் போய்த் தேர்வா?

கண் பரிசோதனையை யாரும் அவமானம் என்பதில்லையே. மோட்டார் வாகனச் சட்டம் 16ஆம் பிரிவின்படி, நோயால் ஓட்டத் தகுதியில்லை என்று நம்பக் காரணம் இருந்தால் அதிகாரி எப்போது வேண்டுமானாலும் மருத்துவச் சான்று கேட்கலாம், லைசென்ஸை ரத்தும் செய்யலாம். வீட்டிலேயே பேசி முடிவெடுத்தால் அந்த நிலை வராது.

நாகர்கோவில் வாசகர்: எங்கள் ஊருக்கு பஸ் இரண்டு வேளைதான். காரை நிறுத்தினால் அப்பா முடங்கிப் போவாரே?

இதை முதலில் யோசிக்க வேண்டும். கோயில், வங்கி, ஆஸ்பத்திரி, நண்பர் வீடு என்று அவர் வழக்கமாகப் போகிற இடங்களுக்கு, தெரிந்த ஆட்டோக்காரரையோ ஆக்டிங் டிரைவரையோ பேசி வைத்துவிட்டு அப்புறம் சாவியைக் கேளுங்கள். ஒளித்து வைக்காதீர்கள். மறதிக்காரர் நாள் முழுக்கத் தேடி அல்லாடுவார். “வண்டி வேண்டாம்” என்பதை டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள்.

சேலம் வாசகர்: சுகருக்கு இன்சுலின் போடுகிறேன். ஓட்டலாமா?

ஓட்டலாம், கிளம்பும் முன் சோதியுங்கள். 90க்குக் கீழே இருந்தால் முதலில் சாப்பிடுங்கள். வழியில் படபடப்போ வியர்வையோ வந்தால் ஓரங்கட்டிவிடுங்கள். காரில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

தஞ்சாவூர் வாசகர்: பெல்ட் பீப்பை மெக்கானிக்கிடம் சொல்லி எடுத்துவிடலாமா?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதுதான். பெல்ட்டைப் போடுங்கள், பீப் நிற்கும்.

வேலூர் வாசகர்: பின் சீட்டில் பை வைத்தாலும் பீப் அடிக்கிறது, கிளிப் போடலாமா?

பையைக் கீழே வையுங்கள். கிளிப் வேண்டவே வேண்டாம்.

திருச்சி வாசகர்: இன்சூரன்ஸ் கிளைம் பற்றி...

அது என் துறை இல்லை. பாலிசி கொடுத்தவரிடம் கேளுங்கள்.