காதில் கோளாறு அம்மாவுக்கு இல்லை

கேள்வி: எங்களுடையது பதினெட்டு வருடப் பழைய பெட்ரோல் கார். ஒரு வாரமாக செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி, பிளக் எல்லாம் மாற்றிவிட்டேன். மாதாமாதம் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போவது இதில்தான். பின் சீட்டுக்கு அடியில் ஏதோ ரீங்காரம் கேட்கிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்; வயதாகிவிட்டது, காதில் கோளாறு என்று விட்டுவிட்டேன். எதைப் பார்ப்பது?

பதில்: செல்ஃப் திடமாகச் சுற்றும் வண்டிக்குப் பேட்டரி மாற்றியது வீண் செலவு, தம்பி. காசு செலவில்லாத துப்பு ஒன்று இரண்டு மாதமாக வீட்டிலேயே இருந்தது. இந்த வயது வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் பம்ப் டாங்கிக்குள்ளே, பின் சீட்டுக்கு நேர் கீழே இருக்கும். தேய்ந்த பம்ப் நின்றுபோவதற்கு முன் பெரும்பாலும் இப்படித்தான் ஊளையிடும். முன்னால் இன்ஜின் இரைச்சலில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு அது கேட்கவில்லை, பம்ப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்டது. பெற்றவள் சொன்னதை வயதின் பெயரால் தள்ளிவிடுவது பெரிய தப்பு. அந்த பம்ப் நடுரோட்டில் அவரோடு நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? முதலில் அவரிடம் போய், நீங்கள் சொன்னது சரிதான் என்று சொல்லுங்கள்.

பிறகு அவரையே பின் சீட்டில் உட்காரவைத்து, சாவியை ஆனுக்கு மட்டும் திருப்புங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் பம்ப் இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று ஓடி நிற்கும். சத்தமே இல்லையென்றால் பம்ப்பின் ஃப்யூஸைப் பாருங்கள். பம்ப்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயையும் பாருங்கள்; அதே வகை ரிலே வண்டியில் வேறு இடத்தில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டும் சரியென்றால், ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது பம்ப்பின் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் பம்ப் ஓடவில்லையென்றால் பம்ப் போய்விட்டது. வோல்ட் வரவில்லையென்றால் பெரும்பாலும் வயரிலோ எர்த்திலோ கோளாறு. டாங்கியின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது ஸ்டார்ட் ஆனால், பம்ப் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் பிரஷ் பெரும்பாலும் தேய்ந்திருக்கிறது. அது வண்டியை ஒர்க்ஷாப் வரை கொண்டுபோகத்தான், அம்மாவை ஏற்றிக்கொண்டு போக அல்ல.

சத்தம் வருகிறது என்பதற்காக பம்ப்பை விட்டுவிடாதீர்கள். ஓடிக்கொண்டே அழுத்தம் தராத பம்ப்புகள் நிறைய உண்டு. பிரஷர் கேஜ் போட்டால் பெரும்பாலும் 2.5 முதல் 4 பார் காட்ட வேண்டும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கேஜ் இல்லையென்றால் சாவியை மூன்று தடவை ஆன், ஆஃப் செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். அப்போது மட்டும் பற்றினால் அழுத்தம் நிற்காமல் இறங்குகிறது என்று அர்த்தம்.

அழுத்தம் சரியாக இருந்தால் மட்டும் ஸ்பார்க் பக்கம் போங்கள். அதை டெஸ்டர் வைத்துப் பாருங்கள், பிளக்கைக் கையில் பிடித்து அல்ல. ஸ்பார்க்கும் இல்லை, செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள்ளும் அசையவில்லை என்றால் இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்மேல் சந்தேகம். ஆர்பிஎம் முள் இல்லாத வண்டியென்றால் ஸ்கேனர் தேவை. செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாமல் ‘விர்ர்’ என்று சுற்றினால் உடனே நிறுத்துங்கள். வால்வுகளை இன்ஜினோடு சேர்த்து ஓட்டும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், தொடர்ந்து சுற்றினால் பல இன்ஜின்களில் வால்வு வளையும். எப்படியானாலும் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். இடையில் இரண்டு நிமிடம் விடுங்கள்.

பம்ப் மாற்றினால் அதோடு வடிகட்டி, ஓ-ரிங் இரண்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டாங்கிக்குள் துருவோ கசடோ இருந்தால் சுத்தம் செய்யாமல் மூட விடாதீர்கள், புது பம்ப்பும் சீக்கிரமே போய்விடும். டாங்கியைத் திறக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். டாங்கியில் இருக்கும் பெட்ரோல்தான் பம்ப்பின் சூட்டைத் தணிக்கிறது. கால் டாங்கிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து ஒரு வாரம் நீங்கள் தனியாக ஓட்டிப் பார்க்கும்வரை, டாக்டரிடம் போக அம்மாவுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.