அப்பாவின் புத்தகங்கள்

அன்புள்ள ஐயா,

என் அப்பா தமிழாசிரியர். முப்பத்தோரு வருடம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தவர். சென்ற ஆவணியில் தவறிவிட்டார். மன்னார்குடி வீட்டை விற்றுவிடுவதென்று அண்ணனும் நானும் முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் இரண்டாயிரத்துக்கும் மேல் புத்தகங்கள் இருக்கின்றன. நான் சென்னையில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறேன். அண்ணன் வெளிநாட்டில். நூலகம் ஒன்றில் கேட்டுப் பார்த்தேன், இடமில்லை என்றார்கள். பழைய பேப்பர்காரர் வந்து பார்த்துவிட்டு, "மொத்தமா எடைக்கு எடுத்துக்கிறேன்மா" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியவை இவை. யாருக்குக் கொடுத்தாலும் அவரையே வீட்டைவிட்டு வெளியே அனுப்புவதுபோல் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

ச., சென்னை

அன்புள்ள ச.,

அந்தப் பேப்பர்காரரை ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசியில் அவரிடம் போடவேண்டியவை சில நிச்சயம் இருக்கும். ஆனால் ஒவ்வொரு புத்தகத்தையும் உங்கள் கையால் ஒருமுறை பிரித்துப் பார்த்த பிறகே அது நடக்கவேண்டும்.

எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவரின் புத்தகங்கள் எடைக்குப் போனபோது நான் அதே ஊரில்தான் இருந்தேன். பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அட்டை போன ஒரு நிகண்டு, அதாவது பழைய காலத்துச் செய்யுள் அகராதி, மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் ஓரங்களில் அவருடைய பென்சில் எழுத்து. நிகண்டில் உள்ள சொல் தன் ஊர் வயல்வெளியில் எந்தப் பொருளில் வழங்குகிறது, யார் வாயில் கேட்டது என்றெல்லாம் குறித்திருந்தார். அச்சான நிகண்டு எங்கும் கிடைக்கும். அந்தக் குறிப்புகள் உலகத்தில் அந்த ஒரு பிரதியில்தான் இருந்தன. அலமாரி நிறைய அப்படி எத்தனை இருந்தனவோ, எல்லாம் பொட்டலக் காகிதமாகிவிட்டன. இருபது வருடமாகியும் எனக்கு அது ஆறவில்லை.

சுவடி தேடி அலைந்த உ.வே.சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது நடந்ததை எழுதியிருக்கிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமம் செய்யவேண்டும் என்று ஆகமம் சொல்வதாகச் சொல்லி, அங்கிருந்தவற்றை நெருப்பில் இட்டுவிட்டார்கள். அதைச் செய்தவர்களை என்னால் கெட்டவர்கள் என்று நினைக்க முடியவில்லை. பக்தியோடுதான் எரித்திருக்கிறார்கள். ஏட்டுக்கட்டை அவிழ்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

ஆகவே பிரியுங்கள். கடையில் இன்றும் கிடைக்கும் உரைநூல்கள், கதைகள், அகராதிகளை அப்பா வேலை பார்த்த பள்ளிக்கோ படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கோ தாராளமாகக் கொடுத்துவிடலாம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்கவேண்டியது மற்றவற்றைப் பற்றி. அந்தக் காலத்து ஆசிரியர் வீடுகளில் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைப்பது வழக்கம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு வந்தது. பின்னால் வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அந்தப் படங்கள் இல்லை. பைண்டு வால்யூமில் கதையின் மறுபக்கத்தில் அந்த வாரத்துத் துணுக்கும் விளம்பரமும்கூட இருக்கும். அடுத்தது சிறுபத்திரிகைகள். சி.சு.செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' மாதிரி ஏதாவது நாலைந்து இதழ்கள் கிடைத்தாலும் தனியே எடுத்து வையுங்கள். பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், திருவிழா அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை, பள்ளி ஆண்டுமலர் இவற்றைக் குப்பை என்று நினைக்கவேண்டாம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா இவற்றையெல்லாம் சேர்த்தவர். விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். செட்டிநாட்டு ஊரில் இருந்துகொண்டு ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, கடல் கடத்திக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. இன்று தமிழ்நாட்டு வரலாற்றை ஆராய்பவர்கள் அந்தப் படி ஏறாமல் இருக்கமுடியாது. நீங்கள் சென்னையில்தானே இருக்கிறீர்கள், ஒருநாள் தரமணியில் இருக்கும் அந்த நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். மன்னார்குடிக்குப் பக்கமென்றால் புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. முதல் பதிப்புகளைத் தேடித்தேடிச் சேர்த்த ஒரு தம்பதியின் நூலகம் அது.

நூலகத்தில் இடமில்லை என்று சொன்னார்கள் என்றீர்கள். பட்டியல் இல்லாமல் மூட்டையைக் காட்டினால் பெரும்பாலும் அந்தப் பதில்தான் வரும். பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, இந்த நாலையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய நூல் என்றால் தலைப்புப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது தங்களிடம் இல்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். இரண்டாயிரம் புத்தகத்துக்கு ஒரு மாதம் ஆகும். அதற்குத்தான் அந்த ஒரு மாதம் கேட்டேன்.

உங்களுக்கென்று ஒரு அலமாரித் தட்டு ஒதுக்க முடியுமல்லவா? அப்பாவின் கையெழுத்து அதிகம் உள்ளவற்றை அதில் வையுங்கள். விலை, அருமை எதையும் பார்க்கவேண்டாம். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவிடாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடித்துவிடும்.

வெளியே அனுப்புவதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவர் வீட்டில் புத்தகம் வெளியே போகாமலா இருந்திருக்கும்? மேசை இழுப்பறையில் இரவல் நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பையன்களின் பெயர், வகுப்பு, வாங்கிய தேதி இருக்கும். சில வரிகள் அடிக்கப்படாமல் இருக்கும். அந்த நோட்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அடிக்கப்படாத வரிகளில் உள்ளவர்கள் யாராவது இன்று எங்கேனும் தென்பட்டால், புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவும் வேண்டாம்.