நேரமாச்சு என்றால் லேட் என்று அர்த்தமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: “‘ஐ ஆம் லேட்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதுபோல் நேராகச் சொல்லத் தமிழில் வழி இல்லை. ‘நேரமாயிடுச்சு’ என்று பழியை நேரத்தின் மேல் போட்டுவிடுகிறோம். நாம் எங்கே போனாலும் லேட்டாகப் போவதற்கு மொழிதான் காரணமா? மற்ற மொழிகளில் எப்படிச் சொல்கிறார்கள்?”

இரண்டு நாளாக இதைப் பார்த்தும் பார்க்காமலும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். கீழே ஒருவர் “தமிழனுக்கு நேரம் என்றால் என்னவென்றே தெரியாது” என்று பதில் எழுதி, அதற்கு ஏகப்பட்ட ஆதரவு வாக்குகளும் விழுந்திருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என் அப்பா இருபத்தாறு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

கேட்டவர் வேலைக்குப் புதிது என்று நினைக்கிறேன். வெளிநாட்டுக்காரர் இருக்கும் மீட்டிங்கில் பத்து நிமிஷம் கழித்து நுழைந்து, மனசுக்குள் ‘டைம் ஆயிடுச்சு’ என்று தமிழில் ஓடியதை ஆங்கிலத்தில் ஏதோ உளறி, மேனேஜர் முகம் போன போக்கைப் பார்த்திருப்பீர்கள். என் ஊகம் தப்பாக இருந்தால் மன்னியுங்கள். எனக்கு இதைவிட மோசமாக நடந்திருக்கிறது.

(முன்ஜாமீன்: நான் படித்தது பி.காம். மொழியியல் இல்லை. வேலைக்காக நாலு ஊர் சுற்றியதில் காதில் விழுந்ததை வைத்து எழுதுகிறேன். “தாமதம் தமிழ்ச் சொல்லே இல்லை” என்று வரப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள், அதுவும் வருகிறது.)

2009-ல் எர்ணாகுளத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. மதுரையிலிருந்து ராத்திரி பஸ். தேனி, கம்பம் வரை நன்றாகத் தூங்கினேன். குமுளி மலை ஏறும்போது மழை. வளைவில் ஒரு லாரி குறுக்கே மறித்து நின்றுவிட்டது, இரண்டு மணி நேரம் அசையவில்லை. ஒன்பதரைக்கு ஆபீஸில் இருக்க வேண்டியவன், பல் மட்டும் தேய்த்துக்கொண்டு பெட்டியோடு நேராகப் போய் நின்றபோது பத்தே முக்கால். முதல் நாள்.

மேனேஜர் வயதானவர், நல்ல மனிதர். என் கடிதத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கேட்டார்: “எவிடெயா தாமசம்?”

மலையாளம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் இது புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். எங்கே தாமசம் ஆச்சு என்று கேட்கிறார். எங்கள் பக்கத்திலும் ‘தாமசம் பண்ணாதே’ என்பதுதானே பேச்சு. “குமுளியில சார்” என்றேன்.

“குமுளியிலோ?” கண்ணாடியைக் கழற்றினார். “என்னும் போயி வருமோ?”

வண்டியெல்லாம் இப்போது போய் வருகிறதா என்று கேட்கிறார்போல. “இப்ப போகும் சார். காலைலதான் ரெண்டு மணி நேரம் கூடுதலாயிருச்சு.”

அவர் கேஷியரிடம் ஏதோ சொன்னார். கேஷியர் எழுந்து வந்து என்னைப் பார்த்தார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எனக்குத் தனியாக மீன் கறி வந்தது. மறுநாள் ஒன்பதே காலுக்குப் போய் நின்றேன், மேனேஜர் எழுந்து கை கொடுத்தார். லேட்டாக வந்தவனை இப்படியா தாங்குவார்கள், என்ன தங்கமான ஊர் என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

நாலு நாள் கழித்து அறைத் தோழன் (திருச்சூர்க்காரன்) சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போய் விளக்கினான். மலையாளத்தில் ‘தாமசம்’ என்றால் குடியிருப்பதும்தான். அவர் கேட்டது “எங்கே தங்கியிருக்கிறாய்?” அடுத்துக் கேட்டது “தினமும் போய் வருவாயா?” சுமார் 150 கிலோமீட்டர் மலைப்பாதையில் தினமும் வந்து போகும் தமிழ்ப் பையன் என்று ஆபீஸ் முழுக்க என் பெயர் பரவியிருந்தது. உண்மையைச் சொன்ன அன்றோடு மீன் கறி நின்றுபோனது.

மலையாளிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் கேலி செய்தது என்னைத்தான். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொல்லில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓரிடத்தில் கூடுதலாகத் தங்கினால்தானே அடுத்த இடத்துக்கு லேட் ஆகும். அவர்கள் லேட்டுக்குப் புழங்கும் இன்னொரு சொல் ‘வைகி’. “நேரம் வைகி” என்பார்கள். நம்முடைய வைகறை, வைகுதல் எல்லாம் அந்தக் குடும்பம்தான். பழந்தமிழில் வைகுதல் என்றாலும் தங்குதல். சுற்றிச் சுற்றி அதே இடம்.

இப்போது ‘தாமதம்’. வடமொழித் தமஸ், அதாவது இருட்டு. அதிலிருந்து தாமத குணம், அதாவது மந்தம். அதிலிருந்து நம் தாமதம். வடசொல்தான், ஒப்புக்கொள்கிறேன். அதனால் தமிழில் சொல்லே இல்லை என்று ஆகிவிடுமா? யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றைக்கும் ‘சுணங்கிப் போச்சு’ என்பார்கள், ‘பிந்திட்டுது’ என்பார்கள். அவர்கள் பத்திரிகையில் கடைசியாக வந்த செய்திக்கு ‘பிந்திய செய்தி’ என்றே பெயர். நாழியாச்சு என்று சொல்பவர்கள் 24 நிமிஷக் கணக்கான நாழிகையை இன்னும் வாயில் வைத்திருக்கிறார்கள். வேலையை இழுத்தடிப்பதற்கு வள்ளுவர் 605-வது குறளில் ‘நெடுநீர்’ என்ற ஒரு சொல்லே வைத்திருக்கிறார். சொல்லுக்கா பஞ்சம்?

எர்ணாகுளத்துக்குப் பிறகு பெங்களூர். கன்னடத்தில் ‘ஹொத்தாயிது’ என்பார்கள். ஹொத்து வேறொன்றும் இல்லை, நம் பொழுதுதான், ‘ப’ அங்கே ‘ஹ’ ஆகிவிடும். எங்கள் பாட்டி சொன்ன ‘பொழுதாயிருச்சு’ அப்படியே. அந்த ஆபீஸில் கர்னூல்காரர் ஒருவர் இருந்தார். தெலுங்கில் லேட்டுக்கு ‘ஆலஸ்யம்’. ஆலஸ்யம் அமிர்தத்தையும் விஷமாக்கும் என்று பழமொழியே உண்டு. எங்கள் மேலாளர் உத்தரப் பிரதேசத்துக்காரர், ஹிந்தியில் ஆலஸ்ய என்றால் சோம்பேறித்தனம். ஒருநாள் கர்னூல்காரர் ஓடி வந்து, தெரிந்த ஹிந்தியில் “சார், தோடா ஆலஸ்ய ஹோ கயா” என்றார். மேலாளர் நிமிராமலே சொன்னார்: “அது தெரிந்ததுதான். ஏன் லேட் என்று சொல்.”

ஹிந்தியில் லேட்டுக்குத் ‘தேர்’. பாரசீகத்திலிருந்து வந்த சொல். முதன்முதலில் “முஜே தேர் ஹோ கயி” என்று கேட்டபோது எனக்கு ஆடி அசைந்து நிலைக்கு வரும் திருவாரூர்த் தேர்தான் கண்ணில் வந்தது. பொருத்தமான சொல் என்றுதான் இன்றைக்கும் படுகிறது.

அந்த ஹிந்தி வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘எனக்கு லேட் ஆகிவிட்டது.’ நம் வாக்கியமேதான். இப்போது சென்னையில் நான் பார்க்கும் வேலையில் மெக்ஸிகோக்காரர்களோடு பேச வேண்டியிருக்கிறது. அவர்கள் ஸ்பானிஷில் சொல்வது “சே மே ஈஸோ தார்தே”. ஏறக்குறைய சொல்லுக்குச் சொல், எனக்கு நேரமாயிடுச்சு! தார்தே என்றால் சாயங்காலமும்கூட. ஜெர்மன்காரர்கள் பெரும்பாலும் ரயில் லேட்டாக வருகிறது என்று சொல்வதில்லை, ரயிலிடம் தாமதம் ‘இருக்கிறது’ என்பார்கள், காய்ச்சல் இருக்கிற மாதிரி. ஆக, பழியை நேரத்தின் மேல் போடுவது தமிழன் மட்டும் கண்டுபிடித்த தந்திரம் இல்லை.

ஜெர்மன் ரயில் என்றதும் கடிகாரம் மாதிரி ஓடும் என்று நினைப்போம். அங்கே ஆறு நிமிஷத்துக்குள் பிந்தினால் லேட் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். அப்படிச் சலுகை கொடுத்தும் 2024-ல் அவர்களுடைய நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன.

சரி, அப்பா.

தனியார் பஸ்ஸும் அரசு பஸ்ஸும் ஒரே ரூட்டில் ஓடுகிற ஸ்டாண்ட். ஒரு பஸ்ஸுக்கும் அடுத்ததுக்கும் நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம்தான் இடைவெளி. முன்னால் நிற்பவன் ஒரு நிமிஷம் கூட நின்றால் பின்னால் நிற்பவனின் கலெக்‌ஷன் போச்சு, கண்டக்டர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். கூண்டு மாதிரி ஓர் அறை. அதிலிருந்து தலையை நீட்டி அப்பா கத்துவார்: “டைம் ஆச்சு, எடு எடு!”

அந்த ‘டைம் ஆச்சு’க்கு லேட் என்று அர்த்தம் இல்லை. 7.42 பஸ்ஸுக்கு 7.42 ஆகிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் அதையே அம்மா ‘நேரமாச்சு’ என்றால் லேட். அப்பா சொன்னால் சரியான நேரம். வேளை வந்ததற்கும் வேளை தப்பியதற்கும் நம்மிடம் ஒரே வாக்கியம்தான் இருக்கிறது. கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒருமுறை அப்பாவிடமே கேட்டேன், நம்ம ஆளுங்க ஏம்ப்பா இப்படி லேட்டா வர்றாங்க என்று. “லேட்டுங்கிறது அட்டவணை இருந்தாத்தான்டா. நம்ம ஊருக்கு டவுன் பஸ் வராத காலத்துல எவனும் லேட்டா வந்ததில்ல. வந்தான், அவ்வளவுதான்” என்றார்.

இதற்கு ஜப்பானை விட நல்ல சாட்சி கிடையாது. 1850-களின் கடைசியில் நாகசாகிக்குக் கடற்படைப் பயிற்சி கொடுக்கப் போன டச்சு அதிகாரி கட்டன்டைக், ஜப்பானியர்களின் மெத்தனத்தைப் பற்றிப் புலம்பி எழுதி வைத்திருக்கிறார். ஜப்பானியர்களை! அப்போது அவர்கள் பகலை ஆறு பங்கு, இரவை ஆறு பங்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள், கோடையில் பகல் மணி நீளும், குளிரில் சுருங்கும். 1872-ல் டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் நடுவே ரயில் வந்தது. 1873-ல் இன்றைய மணிக்கணக்கு வந்தது. இப்போது ரயில் லேட்டானால் ஆபீஸில் காட்டச் சான்றிதழே கொடுக்கிறார்கள். 2017 நவம்பரில் ஸுகுபா எக்ஸ்பிரஸ் ஒரு ரயிலை 20 வினாடி முன்னதாக எடுத்துவிட்டதற்கு மன்னிப்பு கேட்டது. அப்பா அதற்குள் போய்விட்டார், இருந்திருந்தால் அந்தச் செய்தியை வெட்டி வைத்திருப்பார். “லேட்டா எடுத்தா திட்டோட போச்சு, முன்னாடி எடுத்தா பஸ்ஸே போச்சுல்ல” என்பது அவர் கட்சி. நூற்றைம்பது வருஷத்தில் ஜப்பானிய இலக்கணமா மாறியது?

இதை எழுதும்போதே எரிச்சலாக வருகிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய கம்பெனியில் கைரேகை மெஷின். மூன்று லேட்டுக்கு அரை நாள் லீவு போகும். என் கட்டை விரல் ரேகை அதற்குப் பிடிபடாது. 9.27-க்குப் போய் நிற்பேன், துடைத்துத் துடைத்து வைப்பேன், ‘மீண்டும் முயலவும்’ என்றே சொல்லிக்கொண்டிருந்து 9.31-க்கு ஏற்றுக்கொண்டு சிவப்பில் லேட் என்று காட்டும். அதே மெஷினில் ராத்திரி ஒன்பது மணிக்கு விரல் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன், அதற்கு ஒரு நிறமும் கிடையாது. இதற்கு எந்த மொழியிலாவது சொல் இருந்தால் யாராவது கருத்தில் சொல்லுங்கள். எச்.ஆரிடம் கேட்டதற்கு விரலில் எண்ணெய் தடவச் சொன்னார்கள்.

நீங்கள் கேட்ட ‘ஐ ஆம் லேட்’டுக்கு வருகிறேன். மீட்டிங்கில் அதையே சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. தமிழில் என்றால் ‘பிந்திவிட்டேன், மன்னிக்கணும்’ போதும், பழி நேரத்தின் மேல் விழாது. ஆனால் ஆங்கிலமும் அவ்வளவு சுத்தம் இல்லை. அதே லேட்டைத்தான் செத்துப்போனவர் பெயருக்கு முன்னாலும் போடுகிறார்கள். நாமும் நேரமாச்சு என்றால் லேட், காலமானார் என்றால் ஆள் இல்லை என்று வைத்திருக்கிறோம்.

தங்கை கல்யாணப் பத்திரிகைக்கு முதல் ப்ரூஃப் வந்தபோது, எல்லாப் பத்திரிகையிலும் போடுகிற மாதிரி, அப்பா பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று போட்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு அதை விரலால் தொட்டுக் காட்டினாள். “இதை எடுக்கச் சொல்லு. ஒரு வண்டிய ஒரு நிமிஷம் லேட்டா விட்டதில்ல அந்த மனுஷன்.” தெய்வத்திரு என்று மாற்றிக் கொடுத்தேன். இரண்டாவது ப்ரூஃபில் அது சரியாக வந்தது. முகூர்த்த நேரத்தை மட்டும் 9.00 முதல் 10.30 வரை என்பதற்குப் பதிலாக 9.00 முதல் 1.30 வரை என்று அடித்திருந்தார்கள்.