முதல் கேமிங் கணினி: 25 ஆயிரத்துக்குக் கிடைக்கும் ‘ஐ7’ வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். மானிட்டரையும் சேர்த்து அறுபதாயிரம் ரூபாய்க்குள் வேலரன்ட், ஜிடிஏ 5 போன்ற விளையாட்டுகளை நன்றாக ஓட்டும் கணினி ஒன்றை அசெம்பிள் செய்ய முடியுமா என்பது ஒன்று. ‘ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்று ஒரு கடையில் 25 ஆயிரத்துக்கே தருகிறார்களே, அதை வாங்கிவிட்டு மீதியை மிச்சப்படுத்தலாமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். 2019-இல் ஏறக்குறைய அதே பொருளை வாங்கி ஏமாந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அந்த விலைக்குக் கிடைக்கும் ஐ7 (இன்டெல் நிறுவனத்தின் பிராசசர்) பெரும்பாலும் 2011-இல் வெளியான ஐ7-2600 ஆகவோ அதற்கு அடுத்த தலைமுறையாகவோதான் இருக்கும். ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் தரவரிசையைக் காட்டும் பெயர்கள். தலைமுறை மாறினால் அந்த வரிசைக்குப் பொருளில்லை. 2022-இல் வந்த ஐ3-12100எஃப் பிராசசரிலும் அதே நான்கு கோர்கள்தாம் (கணக்கிடும் அலகுகள்) உள்ளன, ஆனால் ஒரு கோரின் வேகத்தில் அது அந்தப் பழைய ஐ7-ஐப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மேலும், அந்தப் பழைய பிராசசரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நீங்கள் விளையாட விரும்பும் வேலரன்ட், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான சிப்), செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் வசதி) ஆகிய இரண்டும் இல்லாமல் ஓடாது.

‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்பது அதைவிடப் பெரிய கண்கட்டு. அந்த விலையில் வழக்கமாகப் பொருத்தப்படுவது 2014-இல் வெளியான ஜிடி 730. அதன் மலிவு வகையில் 64 பிட் டிடிஆர்3 நினைவகம் இருக்கும். அது நொடிக்கு 14.4 ஜிபி தரவை மட்டுமே கடத்தும். நான் கீழே பரிந்துரைக்கும் ஆர்எக்ஸ் 6600 கார்டு நொடிக்கு 224 ஜிபி கடத்துகிறது. தொட்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் குழாய் ஊசித் துளையாக இருந்தால் குடம் நிறையாது. ஆகவே கடையில் எத்தனை ஜிபி என்று கேட்காமல், கார்டின் முழு மாடல் பெயரைக் கேளுங்கள்.

இனி முதல் கேள்வி. மானிட்டர், விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றுக்குப் பத்துப் பன்னிரண்டாயிரத்தை ஒதுக்கிவிடுங்கள். 24 அங்குலம், 1920×1080 பிக்சல் (1080பி), நூறு ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்ற அளவு) குறையாத மானிட்டர் போதும். இதை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரையில் உள்ள பிக்சல்களின் எண்ணிக்கைதான் கிராபிக்ஸ் கார்டின் வேலையைத் தீர்மானிக்கிறது. 1440பி (2560×1440) மானிட்டரை ஆசைப்பட்டு வாங்கிவிட்டால், முக்கால் பங்குக்கு மேல் கூடுதலான பிக்சல்களை அதே கார்டு வரைய வேண்டியிருக்கும்.

மீதியுள்ள தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு வரை கிராபிக்ஸ் கார்டுக்கே போகட்டும். இந்த அளவுக்கு என் தேர்வு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. 2021-இல் வந்த கார்டுதான் என்றாலும் 8 ஜிபி நினைவகமும் 132 வாட் என்ற அடக்கமான மின்தேவையும் உள்ள அது, 1080பி திரைக்கு இன்றும் போதுமானது. என்விடியாதான் வேண்டுமென்று ஆர்டிஎக்ஸ் 3050-ஐ நாடினால் ஒன்றைக் கவனியுங்கள்: அதே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு வகைகள் உள்ளன. 2024-இல் வந்த 6 ஜிபி வகையில் நினைவகம் மட்டுமன்றி உள்ளிருக்கும் கோர்களும் குறைவு. பெயரை ஒன்றாக வைத்து உள்ளடக்கத்தை மாற்றும் இந்த வழக்கம் எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. பழைய கார்டு வாங்கும் எண்ணமிருந்தால், வாரண்டி மீதமுள்ளதை மட்டும், உங்கள் கண்முன் அரைமணி நேரம் ஒரு விளையாட்டை ஓட்டிக் காட்டிய பிறகு வாங்குங்கள்.

பிராசசருக்கு ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப். இரண்டிலும் ஆறு கோர்கள், பன்னிரண்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய பணிகள்). உங்கள் ஊர்க் கடையில் மதர்போர்டுடன் சேர்த்து எது மலிவோ அதை எடுங்கள், இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இன்டெல் பக்கம் போனால், எச்610 மதர்போர்டுகளில் டிடிஆர்4 வகை ரேமை ஏற்பதும் புதிய டிடிஆர்5 வகையை ஏற்பதும் தனித்தனியாக வருகின்றன என்பதால், நீங்கள் வாங்கும் ரேமுக்குப் பொருந்துவதைப் பார்த்து எடுக்க வேண்டும். ஏஎம்டியின் புதிய பிராசசர்களுக்காக 2022-இல் வந்த ஏஎம்5 மதர்போர்டுகள் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். 2025-இன் இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்கள், இந்தத் தொகையில், ரைசன் 5 5600 பொருந்துவதும் டிடிஆர்4 ரேமை ஏற்பதுமான பழைய ஏஎம்4-உடன் நிற்பதே நல்லது என்ற என் கருத்தை ஒப்புக்கொள்வார்கள். ரேம் 16 ஜிபி போதும், ஆனால் ஒரே பட்டையாக வாங்காமல் 8 ஜிபி பட்டைகள் இரண்டாக வாங்குங்கள். அப்போதுதான் இரு சேனல்களிலும் தரவு போய்வரும். எஸ்எஸ்டி (விண்டோஸையும் விளையாட்டுகளையும் சேமிக்கும் பாகம்) 500 ஜிபிக்குக் குறையக் கூடாது. ஆடம்பரமான என்விஎம்இ வகைக்கும் சாதாரண வகைக்கும் விளையாட்டுக்குள் நுழையும் நேரத்தில் சில நொடிகளே வேறுபாடு என்பதால் மலிவானதே போதும்.

எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் முதல் கணினியில் கேபினட்டோடு இலவசமாக வந்த ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ் இருந்தது. விளையாட ஆரம்பித்து இருபது நிமிடத்தில் கணினி தானாக அணையும். வெப்பம் என்று நினைத்து விசிறிகளாக வாங்கி மாட்டினேன். எட்டாவது மாதத்தில் அந்த எஸ்எம்பிஎஸ் புகைந்தபோது மதர்போர்டையும் உடன் அழைத்துப் போனது. அதன் பின்புற ஒட்டுத்தாளைப் பின்னர்தான் படித்தேன். 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட் வரிசையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன என்பதால், பெட்டியின் மேல் 450 என்று அச்சிட்டிருந்ததற்கு மதிப்பே இல்லை. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை என்று அப்பா இன்றும் சொல்லிக் காட்டுவார். நீங்கள் 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது, 12 வோல்ட்டுக்கு நேரே 40 ஆம்பியருக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்லுமே தவிர, உள்ளிருக்கும் பாகங்களின் தரத்துக்கு உத்தரவாதம் தராது. ஐந்து ஆண்டு வாரண்டி தருபவர்களின் பொருளை நான் அதைவிட அதிகம் நம்புவேன்.

இவ்வளவும் கூட்டிப் பார்த்துத் தொகை இடித்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலோ ரேமிலோ கை வைக்காமல், கிராபிக்ஸ் கார்டையே தள்ளிப் போடுங்கள். உள் கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி பிராசசரில், ரேம் பட்டைகள் இரண்டு இருந்தால், வேலரன்ட்டைச் சிரமமின்றி விளையாடலாம். ஆறு மாதம் கழித்துக் கார்டு சேர்த்துக்கொள்ளலாம். 5600-இல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) இருக்க, 5600ஜி-யில் 16 எம்பி மட்டுமே இருப்பதால் பின்னாளில் கார்டு சேர்த்த பிறகு 5600-ஐவிட வேகம் கொஞ்சம் குறையும். அந்த இழப்பு தாங்கக்கூடியதே. சென்னையில் இருப்பவராயின் ரிச்சி தெருவில் நான்கு கடைகளிலாவது எழுத்தில் கொட்டேஷன் வாங்கி, இணைய விலையோடு ஒப்பிடுங்கள். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்கட்டும், வாரண்டிக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.

அசெம்பிள் செய்து முடித்ததும் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி என்ற, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் வசதியை இயக்குங்கள்; இல்லையென்றால் 3200 வேகத்துக்குப் பணம் கொடுத்த ரேம் 2400 அல்லது 2666-இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் காட்சி அமைப்புகளில் மானிட்டரின் ஹெர்ட்ஸையும் உயர்த்துங்கள், அது பல நேரம் 60-இலேயே நின்றிருக்கும். மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல. 5600-இல் உள் கிராபிக்ஸ் கிடையாது என்பதால் மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். என் இரண்டாவது கணினியை மாட்டிய அன்று நானும் மாமா மகனும் ஒரு மணி நேரம் ரேமைக் கழற்றிக் கழற்றி மாட்டியதற்குக் காரணம் அதுதான்.