ஏரிக்கரையில் மூன்று வாரம்

கேள்வி: நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். தை மாதம் மூன்று வாரம் ஏலகிரியில், புங்கனூர் ஏரிப் பக்கம் வீடெடுத்துத் தங்கப் போகிறோம். வெளியூர் போனால் இரண்டாம் நாளே எனக்குத் தூக்கமும் சாப்பாடும் தாறுமாறாகிவிடும். அவரோ தினமும் ஓர் இடம் பார்த்தே ஆகணும் என்கிறார். எப்படிச் சமாளிப்பது?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: போன ஐப்பசி வரை நானும் உங்கள் கணவர் கட்சிதான் அம்மா. காவேரிப்பாக்கத்தில் மாடி அறை ஒன்று எடுத்துப் பன்னிரண்டு நாள் தங்கினேன். சோளிங்கர், மகேந்திரவாடி, திருப்பாற்கடல் என்று நோட்டில் நாள்வாரியாக எழுதி வைத்திருந்தேன். முதல் நாளே சோளிங்கரில் 1305 படியையும் ஏறினேன். ரோப் கார் இருக்கிறது, எனக்குத்தான் வீம்பு. மறுநாள் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. நோட்டை அன்றோடு மூடிவிட்டேன்.

மூன்றாம் நாள் வேறு போக்கிடம் இல்லாமல் ஏரிக்கரைக்கு நடந்தேன். மதகுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கே வருகிறவர்கள் நலம் விசாரிப்பதில்லை, "எவ்ளோ ஏறியிருக்கு?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம் அது. ஏரி நிரம்ப 30.65 அடி வேண்டும். கரைக் கல்லில் நேற்றைய ஈரக்கோடு இன்று தண்ணீருக்குள் போயிருக்கும், ஒரு விரற்கடைதான். நாலாம் நாளிலிருந்து நானும் அதைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் டீ சொன்னேன். ஆறாம் நாள், கேட்காமலே சர்க்கரை குறைந்து வந்தது. ஒருநாள் எட்டு மணிக்குப் போனபோது, "என்ன சார், உடம்பு முடியலையா?" என்றார் கடைக்காரர். ஆறு மணி ஆள் ஆகிவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ராத்திரி ஒன்பதரைக்கே தூக்கமும் வந்தது. (ஏரி நிரம்பி வழிந்தால் அதுதான் கொசஸ்தலை ஆறு, பூண்டி வரை போகும். "நம்ம மிச்சத்தைத்தான் மெட்ராஸ்காரங்க குடிக்கிறாங்க" என்பதில் அந்தக் கடைக்கே ஒரு பெருமை.)

ஊர் சுற்றாமலும் இல்லை. ஒன்பதாம் நாள் மகேந்திரவாடி போனேன், அரை நாள்தான். ஒற்றைப் பாறையைக் குடைந்த மகேந்திரவர்மன் கோயில். அதன் கல்வெட்டிலும் ஏரிப் பேச்சுதான்: மகேந்திர தடாகத்தின் கரையில் அமைத்தது என்று.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் மூன்று நாள் எந்த இடமும் வேண்டாம் என்று அவரிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் வாரம் இரண்டு நாள் அவருக்கு. சனி, ஞாயிறில் படகுத்துறைப் பக்கமே போகாதீர்கள், கூட்டம் நெரியும். அன்றைக்குத் துணி துவையுங்கள், சாம்பார் வையுங்கள். தையில் மலை குளிரும், அதனால் என்னைப் போல ஆறு மணிக்குக் கிளம்பாமல் வெயில் வந்தபின் நடங்கள். தினமும் ஒரே கடையில் டீ குடியுங்கள், சுமாராக இருந்தாலும் கடையை மாற்ற வேண்டாம்.

மாத்திரை மூன்று வாரத்துக்கும் குடியாத்தத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அட்டை குறைந்தால் அதற்காக 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற நேரும். அப்படி இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அவரை அனுப்புங்கள். வளைவுகளுக்குப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், படித்துக்கொண்டே போகட்டும். ஊர் பார்த்த கணக்கிலும் சேரும்.