பழுது பாலத்திலா, சென்சாரிலா? – கேள்வி பதில்

மார்த்தாண்டம், சிவில் மாணவி: சார், பாலத்தில் ஒட்டிய ஒரு ஸ்ட்ரெயின் கேஜ் (நீட்சி, சுருக்கத்தை அளக்கும் சென்சார்) மட்டும் திடீரென்று எகிறினால் விரிசல்தானா?

முதலில் அக்கம்பக்கத்து கேஜ்களைப் பாரும்மா. உறுப்பு பலவீனப்பட்டால் பாரம் வேறு வழியாகப் போகும், அவையும் கொஞ்சமாவது அசையும். ஒன்று மட்டும் துள்ளினால் அதன்மேல் சந்தேகப்படலாம். ஆனால் விரிசல் சரியாக அந்த கேஜின் குறுக்கே விழுந்தாலும் அது மட்டும்தான் துள்ளும். அதனால் ஆளை அனுப்பி இடத்தைப் பார்க்காமல் "சென்சார் கோளாறு" என்று எழுதிவிடாதே.

குளச்சல்: அண்ணே, கடலோரத்தில் ஏன் சீக்கிரம் கெடுது?

பெரும்பாலும் கெடுவது இணைப்புதான். நான் பார்த்த ஒரு பாலத்தில் மூன்று மாதமாக ஒரு கேஜ் மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போனது. ஒயர்களை இணைக்கும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் செம்பு முனையில் பச்சைக் களிம்பு, அடியில் ஒரு கரண்டி தண்ணீர். கேபிள் மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது, கேபிள் நுழையும் வாயை அடைக்கும் கிளாண்டும் இறுக்கவில்லை. மழைநீர் கேபிள் வழியாகவே உள்ளே போயிருக்கிறது. முனையை வெட்டிப் புதிதாக இணைத்து, கேபிளைப் பெட்டிக்குக் கீழே தொங்கலாக வளைத்து ஏற்றினோம். அதன்பிறகு விலகல் நின்றது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் இந்த வளைவு கட்டாயம்.

தக்கலை: விரிவு இணைப்பில் (பாலம் விரியச் சுருங்க விட்ட இடைவெளி) வைத்த சென்சார் ஒரு வாரமா ஒரே எண் காட்டுது. நல்லதுதானே?

இல்லை மக்ளே, எனக்கு அதுதான் பெரிய பயம். கான்கிரீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 0.01 மி.மீ. விரியும். 30 மீட்டர் கண் (இரண்டு தூணுக்கு நடுவிலுள்ள பகுதி) என்றால் 10 டிகிரி மாற்றத்துக்கு 3 மி.மீ. வரணும். வரவில்லையென்றால் சென்சார் செத்திருக்கலாம், பாலத்தைத் தாங்கி நகரவிடும் பேரிங் இறுகிப்போயும் இருக்கலாம். விடியற்காலையும் மத்தியானம் இரண்டு மணிக்கும் ஸ்கேல் வைத்து இடைவெளியை அளந்து பார். அளவு மாறினால் சென்சார்தான் செத்தது. மாறாவிட்டால் உடனே பேரிங்கைப் பார்க்கச் சொல்லு.

நாகர்கோவில்: கம்ப்யூட்டரே கண்டுபிடிக்காதா?

கண்டுபிடிக்கும். மற்ற சென்சார்களை வைத்து இது என்ன காட்டணும் என்று கணித்து, உண்மை அளவைக் கழித்துப் பார்க்கும். மிச்சம் ஒரேயடியாக விலகி நின்றால் ஒரு கோளாறு, நாளுக்கு நாள் ஏறினால் வேறொன்று. ஆனால் கம்ப்யூட்டரைப் பழக்க ஒரு வருட நல்ல தரவு வேணும். மாசி வெயிலை மட்டும் காட்டிப் பழக்கினால் ஆனி மழையில் எல்லாமே அலாரம்தான்.

திருவட்டாறு: மாத்தூர் தொட்டிப்பாலம் போல உயரமான இடத்தில்?

115 அடி உயரத்துக்குத் திரும்பத் திரும்ப ஆள் ஏற்றுவது லேசா? முக்கிய இடத்தில் சென்சாரை ஜோடியாகவே வைத்துவிடுங்க, ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும்.

குழித்துறை: மல்டிமீட்டர் போதுமா?

தொடங்கப் போதும். 350 ஓம் கேஜ் முடிவிலியாகக் காட்டினால் ஒயர் அறுந்திருக்கு, குறைந்துகொண்டே வந்தால் ஈரக்கசிவு. மெகர் (அதிக வோல்ட் கொடுத்து ஒயரின் காப்பைச் சோதிக்கும் மீட்டர்) வைக்கணும்னா சென்சாரையும் அளவைப் பதியும் லாகரையும் கழற்றிவிட்டு கேபிளுக்கு மட்டும் வையுங்க.