ரேஸ் கார் விங்கும் ஏற்காடு ரோடும்: கேள்வி பதில்

அஸ்தம்பட்டி தம்பி: அண்ணா, ரேஸில் ஓடும் போர்ஷே 911-க்கும் ரோட்டில் ஓடுவதற்கும் காற்று விஷயத்தில் என்ன வித்தியாசம்?

முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள் தம்பி. எல்லோர் கண்ணும் விங் மேலேயே, அதாவது வண்டியைத் தரையில் அமுக்கப் பின்னால் நிற்கும் இறக்கை மேலேயே இருக்கிறது. ரேஸ் காரின் அடிப்பாகம் தட்டையாக, தரையை ஒட்டி இருக்கும். அந்தச் சந்தில் காற்று வேகமாகப் பாயும்போது அழுத்தம் குறைந்து, வண்டி தரையோடு உறிஞ்சப்படும். ரோட்டு வண்டி வேகத்தடை ஏறி இறங்க வேண்டுமே! உயரத்தைக் கூட்டினால் அந்த உறிஞ்சல் குறைந்துவிடும்.

ஓமலூர் வாசகர்: 911-லேயே ஜிடி3 ஆர்எஸ் என்ற மாடல் ரோட்டு வண்டிதானே, அதற்கு ஏன் அவ்வளவு பெரிய விங்?

எனக்கு மிகவும் பிடித்த வண்டி இது. 2022-ல் வந்த மாடலில் விங்கின் மேல் விளிம்பு கூரையைவிட உயரம். ரேஸ் காரில் இருப்பதுபோல ஒரே பெரிய ரேடியேட்டரை முன்னால் நடுவில் வைக்க, முன்பக்க டிக்கியையே எடுத்துவிட்டார்கள். விங்கைத் தாங்கும் கால்களைக் கவனியுங்கள், அன்னத்தின் கழுத்துபோல் வளைந்து மேலிருந்து பிடித்திருக்கும். விங்கின் அடிப்பரப்பில்தான் முக்கிய வேலை நடக்கிறது, அங்கே கால் வைத்தால் காற்றோட்டம் கலையும். வண்டியைத் தரையில் அமுக்கும் அழுத்தம் 200 கி.மீ. வேகத்தில் 409 கிலோ, 285-ல் 860 கிலோ.

ஐந்து ரோடு வாசகர்: நேர் ரோட்டில் விங்கைப் படுக்க வைக்கும் டிஆர்எஸ் வசதி ரேஸ் வண்டியிலும் உண்டா சார்?

இந்த 911-ன் ரேஸ் வண்டி ஓடும் ஜிடி3 என்ற ரேஸ் பிரிவில் கிடையாது. ஓடும்போது அசையும் விங்குக்கு விதியில் இடமில்லை. இந்த ஒன்றில் ரோட்டு வண்டிதான் கொடுத்துவைத்தது.

கொண்டலாம்பட்டி தம்பி: ஏற்காடு மலையில் அந்த விங் உதவுமாண்ணா?

வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசிதான். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் 30 கி.மீ.யில்தான் திரும்புவோம். கணக்குப் போட்டால் 9 கிலோ வருகிறது, ஒரு சின்ன அரிசி மூட்டைகூட இல்லை. அங்கே டயரையும் பிரேக்கையும் நம்புங்கள்.

அதே தம்பி: அப்போ என் ஹேட்ச்பேக்குக்கு விங் போடலாமா?

வேண்டாம் தம்பி. நானே என் வண்டியின் பின் கண்ணாடியிலும் டிக்கிக் கதவிலும் விரல் நீளத் தறி நூலை வரிசையாக ஒட்டி, ஓமலூர் ரோட்டில் 80-ல் போனேன். நண்பர் பின்னால் இன்னொரு காரில் உட்கார்ந்து வீடியோ எடுத்தார். கூரை விளிம்பில் நூல் படிந்து நேராக நின்றது. கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொன்றும் ஒரு திசையில் சுழன்று, சில முன்பக்கமாகவே திரும்பின. அந்தக் கலங்கிய காற்றில் நிற்கும் விங்குக்கு எடைதான் மிச்சம். ஒரு கண்டு நூலும் செலோடேப்பும் போதும், நீங்களே ஒட்டிப் பாருங்கள்.